வானம் பார்த்த தையல்

பத்து மணிக்கு நூற்று ஐம்பத்தெட்டு. ஒன்பது மணிக்கு நூற்று முப்பத்து நான்கு, எட்டு மணிக்கு நூற்றுப் பத்தொன்பது. சிஸ்டர் லூர்து எண்ணைத் தாளில் எழுதினாள். எழுதியது சரிதானா என்று மறுபடி சர்க்கரை மீட்டரைப் பார்த்தாள், பிறகு டாக்டர் மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். "ஏறுது டாக்டர்" என்றாள். ஏறுவது மங்கைக்குத் தெரியாதா என்ன. "காலைல ஸ்டீராய்டு போயிருக்குல்ல சிஸ்டர், ஏறத்தான் செய்யும். பதினொன்னுக்குப் பாப்போம்" என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது. பதினைந்து வருஷம் பழக்கிய குரல், எஜமானி எந்த நிலையில் இருந்தாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இரண்டாம் படுக்கையில் இசக்கியம்மாள் கண்ணை மூடிக் கிடந்தாள். முப்பத்தொரு வயது. எட்டு வயதிலிருந்து சர்க்கரை நோய், மூன்று வருஷமாகச் சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. நேற்று மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை அவள் வயிற்றைத் திறந்து, இடப்பக்கம் ஒரு சிறுநீரகமும் வலப்பக்கம் ஒரு கணையமும் வைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டும் திருச்சியில் மூளைச்சாவு அடைந்த ஒரே மனிதருடையவை. தைத்தது தலைமை சர்ஜன் எபனேசர். அதற்கு முன்னால் கணையத்தை ஐஸில் வைத்துத் தயார் செய்து கொடுத்தது மங்கை. அதுதான், அந்த ஐஸ்தான், காலையிலிருந்து அவள் தலைக்குள் உருகிக்கொண்டே இருந்தது.

ஐஸில் கணையத்தோடு ஒட்டிக் கிடந்த மண்ணீரல் எந்தக் கைப்பக்கம் இருந்தது? இதுதான் கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும். இடது கைப்பக்கம் என்று ஒரு படம் வருகிறது. சிவந்து கறுத்த மண்ணீரல், அதன் மேல் ஐஸ் தண்ணீர், தன் இடது சுண்டுவிரல் அதில் பட்டு மரத்துப்போனது. வலது கைப்பக்கம் என்றும் ஒரு படம் வருகிறது. அதே மண்ணீரல், அதே தண்ணீர், கத்தரியை எடுக்க வலது கையை நீட்டினால் அது குறுக்கே கிடக்கிறது. இரண்டும் பொய்யாகத் தெரியவில்லை, இரண்டிலும் விரல் மரத்துப்போகிறது. டாக்டர்கள் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையில் யாரோ வாங்கி வைத்த ரவா கிச்சடி பொட்டலம் இலையோடு ஆறிக் கிடந்தது. பிரித்து ஒரு வாய் எடுத்தாள். எந்தக் கையால் எடுத்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வலது. பார், அது மட்டும் தெரிகிறது. மூடி வைத்தாள்.

சிறுநீரகம் நல்ல பிள்ளை. எந்த வீட்டில் கொண்டுபோய் விட்டாலும் சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிடும். நேற்று தைத்து, ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கவ்வியை எடுத்ததும் மேசையிலேயே மூத்திரம் பீய்ச்சி எல்லோரையும் சிரிக்க வைத்தது. கணையம் அப்படியில்லை. அது கோபித்துக்கொள்ளும் உறுப்பு. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் வீங்கும், கொஞ்சம் தாமதித்தால் வீங்கும். இதையெல்லாம் விட மோசம், அதற்குள் ரத்தம் ஓடுவதே மெதுவாகத்தான். பிறந்த உடம்பில் இருக்கும்போது பக்கத்தில் மண்ணீரல் இருக்கும், மண்ணீரலின் ரத்தமெல்லாம் கணையத்தின் முதுகு வழியாகத்தான் பாய்ந்து போகும். அந்த அகலமான சிரை அதற்காகவே உண்டானது. மண்ணீரலை வெட்டி எடுத்துவிட்டு கணையத்தை மட்டும் இன்னொரு உடம்பில் வைக்கும்போது, லாரி போன சாலையில் சைக்கிள் போகிறது. ரத்தம் மெதுவாகப் போனால் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தால் கணையம் செத்துப்போகும். மணிக்கணக்குகூட வேண்டாம். செத்த கணையத்தை வயிற்றுக்குள் விட்டுவைக்கவும் முடியாது, திறந்து எடுத்து ட்ரேயில் போட வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை மூன்று கணையம் வைத்தார்கள். முதலாவதும் மூன்றாவதும் ட்ரேயில்தான் வெளியே வந்தன. இசக்கியம்மாளுடையது நான்காவது.

மூன்றாவது ஆளின் பெயர் வேலாயுதம். சாயங்காலம் நூற்று நாற்பது இருந்தது, இரண்டு மணி நேரத்தில் முந்நூறு. திறந்தபோது நாவல்பழம் போல இருந்தது. எபனேசர் சார் அதைக் கையில் ஏந்தி ட்ரேயில் வைத்துவிட்டு, "யார் மேலயும் தப்பில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மங்கையும் ஆட்டினாள். அப்போது அது ஆறுதலாக இருந்தது, இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. யார் மேலும் தப்பில்லை என்றால் எதைத் திருத்துவது? அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டுக்குப் போனாலும் அதையே படித்துக்கொண்டிருந்தார், அதையே பேசிக்கொண்டிருந்தார், கடைசியில் சில வழக்கங்களை உண்டாக்கினார். சிரையை நீளமாக வைக்காதே, வேறு குழாயை ஒட்டுப் போட்டு நீட்டாதே. நீளம் போதவில்லை என்றால் நோயாளியின் இடுப்புச் சிரையைச் சுற்றியிருக்கும் கிளைகளையெல்லாம் கட்டி அறுத்து அதை மேலே தூக்கிக்கொண்டு வா, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வாயை அகலமாகத் திற. கடைசி முடிச்சை இறுக்காதே, கொஞ்சம் தளர்ச்சி விடு, ரத்தம் வந்து குழாய் உப்பும்போது அந்த நூலும் கூடவே விரியட்டும், இறுக்கிவிட்டால் சுருக்குப்பை வாய் போலச் சுருங்கிவிடும். இவையெல்லாம் மற்ற ஊர்களிலும் செய்கிறவைதான். கடைசி வழக்கம் மட்டும் அவருடையது. கணையத்தைத் தயார் செய்பவர், சிரையின் வாயில் மேல்பக்கம், அதாவது வைத்த பிறகு கூரையைப் பார்க்கப்போகும் பக்கம், நீலநூலில் ஒரு தையல் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு வானம் என்று பெயர். தைக்கும்போது அவர் "வானம் எங்கே" என்று கேட்பார், உதவிக்கு நிற்பவர் நூலைக் காட்டுவார், அது மேலே இருக்கும்படி பிடித்துத் தைப்பார். குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த ஒரு தையல்தான் சாட்சி.

அந்தச் சாட்சியைத்தான் மங்கை எந்தப் பக்கம் நிறுத்தினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐஸில் கணையம் முதலில் மல்லாந்து கிடக்கும். அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மண்ணீரல் வலது கைப்பக்கம். ஆனால் சிரையைச் சுற்றியுள்ள சதையை வழித்துச் சுத்தம் செய்ய, புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போல அதைக் குப்புறத் திருப்ப வேண்டும். அப்போது மண்ணீரல் இடது கைக்கு வந்துவிடும். குப்புறக் கிடக்கும்போது மேலே தெரிகிற பக்கத்தில் தையலைப் போட்டிருந்தால், அது வானமில்லை, தரை. எபனேசர் சார் அதை நம்பி மேலே வைத்துத் தைத்திருந்தால் சிரை அரைச்சுற்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குட்டையான குழாயில் அரைச்சுற்று கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் நிரம்பி உப்பினால் எல்லாம் நேராகத்தான் தெரியும். முதல் நாள் ஓடும். பிறகு உறுப்பு லேசாக வீங்கும், வீங்கினால் முறுக்கு இறுகும், இறுகினால் தேங்கும். நூற்றுப் பத்தொன்பது, நூற்று முப்பத்து நான்கு, நூற்று ஐம்பத்தெட்டு.

தையல் போட்டது நினைவிருக்கிறது. ஊசி சிரையின் ஓரத்துக்குள் போகும்போது இருந்த அந்த மெல்லிய தடை நினைவிருக்கிறது. நான்கு முடிச்சு போட்டாள், நூலை விரலளவு விட்டு வெட்டினாள். வெட்டிய நூல்துண்டு ஈரக் கையுறையில் ஒட்டிக்கொண்டது, அதை உதறினாள். இவ்வளவும் இருக்கிறது, பக்கம் மட்டும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பது அவளுக்கு வழக்கம்தான். அவள் கணவன் ஸ்கூட்டரைத் திருப்பாமல் ஒருநாள் சொன்னான், "நீ பூட்டினத நீயே நம்பலைன்னா பூட்டு பாவம் என்ன பண்ணும் மங்கை." சிரித்துவிட்டு இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும். நன்றாகப் பழகிய கை தலையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை, அதனால்தான் தலையிடம் சாட்சி இருப்பதில்லை. அப்படியானால் தையலும் சரியாகத்தான் இருக்கும். இருக்கும், இருக்கும் என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். ஆனால் பூட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கலாம். இதை எப்படி இழுத்துப் பார்ப்பது? இழுத்துப் பார்க்க ஒரே வழி, நேற்று தைத்த வயிற்றை இன்று பிரிப்பது.

ஸ்கேன் எடுத்தார்கள், காலை எட்டு மணிக்கு. தமனியில் ஓட்டம் நன்றாக இருந்தது. சிரைதான் தெரியவில்லை, குடலில் இருந்த காற்று மறைத்தது. எட்டு மணிக்கு எண் நன்றாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. ஸ்கேன் டாக்டர் பதினொன்றரைக்கு வந்து மறுபடி பார்க்கிறேன் என்று போனார். அப்படியானால் பதினொன்று வரைக்கும் காத்திருப்பதில் என்ன தப்பு? பதினொன்றுக்கு நூற்று நாற்பது வந்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம். ஸ்டீராய்டு நிஜமாகவே ஏற்றும், அவள் சிஸ்டரிடம் பொய் சொல்லவில்லை. பதினொன்றுக்கு இருநூறு வந்தால்? வந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும். கணையத்துக்கு ஒரு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை என்று எல்லா வகுப்பிலும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். திறந்து பார்த்து நேராக இருந்தால்? ஒன்றுமில்லாததற்கு ஒரு பெண்ணை இரண்டாம் முறை அறுத்தோம், புண்ணில் கிருமி, ரத்தக் கசிவு, அப்புறம் குழாய் நேராக இருந்தும் கணையம் போகலாம். அதைச் செய்தது யார், ஒரு தையலை மறந்துபோன மங்கை. எபனேசர் சார் திட்டமாட்டார். அவர் திட்டுகிற ஆளாக இருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருப்பாள். பத்து வருஷமாக அவளுடைய வேலையை அவர் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. மங்கை போட்டதா, சரி, என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனையோ சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டிருக்கிறாள். அது போய்விடுமே என்றுதான் பயம். இப்படி ஒரு பயம் தனக்கு இருக்கிறதே என்று அவமானமாகவும் இருந்தது. அங்கே ஒருத்தியின் கணையம் போய்க்கொண்டிருக்கிறது, இவள் தன் நல்ல பெயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இசக்கியம்மாள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அக்கா. வேன் ஓட்டுவது அவள் புருஷன் முத்துக்குட்டி. இன்சுலின் போட்டுப் போட்டு அவள் உடம்புக்குச் சர்க்கரை இறங்குவதே தெரியாமல் போய்விட்டது. மற்றவர்களுக்கு வேர்க்கும், கை நடுங்கும், ஒரு மிட்டாய் வாயில் போட்டுக்கொள்வார்கள். இவளுக்கு ஒன்றும் வராது, நின்றபடியே விழுவாள். போன வருஷம் ஒருநாள் ஓடும் வேனின் படியில் நின்றபடி மயங்கி, கதவுக்கு வெளியே பாதி தொங்கினாளாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஒன்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "அங்கிள், அக்கா தூங்கிட்டாங்க" என்றதாம். ஓபியில் இதைச் சொல்லும்போது இசக்கி சிரித்தாள், முத்துக்குட்டி சிரிக்கவில்லை. "எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லம்மா, பிள்ளைவ மேல விழுந்துருவேனோன்னுதான்" என்றாள். அந்தப் பயத்துக்காகத்தான் கணையம். சிறுநீரகம் மட்டும் போதும் என்றிருந்தால் எப்போதோ வைத்திருக்கலாம். கணையம் போனால் மறுபடி ஊசி, மறுபடி மயக்கம், வேன் வேலையும் இல்லை. மங்கை எழுந்தாள். மண்ணீரல் இடதுபக்கம். இல்லை, வலது. கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

படுக்கைக்குப் போய்ப் போர்வையை விலக்கி, வயிற்றின் வலப்பக்கம் உள்ளங்கையை மெல்ல வைத்தாள். இசக்கி கண்ணைத் திறந்தாள்.

"வலிக்குதா இசக்கி?"

"வலின்னு சொல்ல முடியலம்மா. இந்தப் பக்கம் கனமா இருக்கு. யாரோ உள்ள ஏறி உக்காந்த மாதிரி."

"எப்ப இருந்து?"

"விடியக்காலம் இல்ல. இப்ப, கொஞ்ச நேரமாத்தான்."

மங்கை கையை எடுத்தாள். அந்தக் கனம் ஸ்டீராய்டினால் வருவதில்லை. அவளுக்குள் அதுவரை வாதாடிக்கொண்டிருந்த வக்கீல்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனாள். எபனேசர் சார் விடிகாலை ஐந்து மணிவரை இங்கேதான் இருந்தார், அவளேதான் அவரைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினாள். மூன்றாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"எவ்வளவும்மா?"

"நூத்தி அம்பத்தெட்டு சார். ஒம்பதுக்கு நூத்தி முப்பத்துநாலு. வலது பக்கம் கனமா இருக்குன்னு சொல்றா."

"ம்."

"சார், இன்னொண்ணு. வானம் தச்சேன்ல, அது மல்லாக்கக் கிடந்தப்ப தச்சேனா, குப்புறக் கிடந்தப்ப தச்சேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. காலைலேர்ந்து யோசிக்கிறேன். பக்கம் மாறியிருந்தா முறுக்கிருக்கும் சார்."

சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அவர் மெல்லச் சிரித்தது கேட்டது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள், அந்தச் சிரிப்பு அவளைக் குழப்பியது.

"அதுக்கா இவ்வளவு? அது பக்கம் மாறித்தான் இருந்துச்சு மங்கை. தைக்கும்போதே பாத்துட்டேன். நான் திருப்பி வச்சுத்தான் தச்சேன். எல்லாரு முன்னாலயும் எதுக்குன்னு சொல்லல. நீயும் நேத்து காலைலேர்ந்து ஐஸ்ல நின்னுட்டு இருந்த. மனசுல வச்சுக்காத. கனத்துக்கு வேற காரணம் பாப்போம், ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் கொஞ்சம் கூட்டு."

மங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். தப்பு நடந்தது, திருத்தப்பட்டது, யாருக்கும் தெரியாது. இதைவிட இதமான செய்தி இந்த உலகத்தில் உண்டா? இந்த மனிதரைக் கும்பிட வேண்டும். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. போனை வைத்திருக்கலாம். பின்னால் எத்தனையோ நாள் அவள் யோசித்துப் பார்த்தாள், ஏன் அப்போது போனை வைக்கவில்லை என்று. வெறும் நன்றியால்தான் கேட்டாள். பெரியவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரிந்துகொண்டால் தானும் கற்றுக்கொள்ளலாமே என்றுதான்.

"எப்படி சார் தெரிஞ்சது?"

"வாய் சாய்வா இருந்துச்சுல்ல. திருச்சியில எடுக்கும்போது நான்தான் வெட்டினேன், எப்பவும் முன்பக்கம் நீளமா விட்டு வெட்டுவேன். உன் நூல் குட்டைப் பக்கம் இருந்துச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு."

சாய்வு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையுறைக்குள் மரத்த விரல்கள் திரும்பி வந்தன. சிரையின் ஓரம் பிசிறாக இருந்தது. திருச்சியிலிருந்து வந்த பையில் எங்கோ மடங்கி, ஓரம் கிழிந்து, நூல் பிரிந்த துணி போல இருந்தது. பிசிறில் ரத்தம் உறையும் என்று அவள் நினைத்தாள். சின்னக் கத்தரியை எடுத்து ஓரத்தை ஒரு நெல் அகலத்துக்கு வளையமாக வெட்டி எடுத்தாள். எடுத்த வளையத்தைத் தண்ணீரில் போட்டாள். அது மெல்லச் சுழன்று இறங்கியது, அதில் ஒரு நீலநூல் இருந்தது. ஆமாம், நீலநூல் இருந்தது. குப்புறக் கிடந்தபோது அவள் போட்ட முதல் தையல், மண்ணீரல் இடது கைப்பக்கம். அது வளையத்தோடு போய்விட்டது. பிறகு அவள் கணையத்தை மல்லாத்தினாள், மண்ணீரல் வலது கைக்கு வந்தது, இரண்டாவது தையலைப் போட்டாள். கத்தரிக்குக் கை நீட்டினால் அது குறுக்கே கிடந்தது. இரண்டு படமும் உண்மை. இரண்டு தையல் போட்டிருக்கிறாள், ஒன்று குப்பைக்குப் போனது, மற்றது சரியான பக்கம் இருந்தது. அவள் கத்தரி வெட்டியதில் சாய்வு மாறிப்போயிருக்கிறது. எபனேசர் சார் தன்னுடைய பழைய சாய்வு என்று நினைத்து அதை நம்பி, நேராக இருந்ததைத் திருப்பி, முறுக்கித் தைத்திருக்கிறார். பக்குவமாக, அன்பாக, யாருக்கும் தெரியாமல்.

"சார்" என்றாள். குரல் இப்போது பழக்கிய குரலாக இல்லை. "அது உங்க வெட்டு இல்ல. ஓரம் பிசிறா இருந்துச்சுன்னு நான் மறுபடி வெட்டினேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"முதல்ல போட்ட தையல் அந்த ஓரத்தோட போயிடுச்சு. மல்லாத்தி வச்சு மறுபடி போட்டேன். நான் போட்டது சரி சார். நீங்க திருப்பியிருக்கக் கூடாது."

"வெட்டினதச் சொல்லலையேம்மா."

"சொல்லல சார்."

எங்கோ தொலைவில் அந்த மிக்ஸி நின்றது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் கூடாது என்ற சொல்லைச் சொன்னதில்லை. இப்போது சொன்னபின் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒருவேளை இதுவும் பொய்ப்படமாக இருந்தால் என்று ஒரு கணம் பழைய சுழல் தலைதூக்கியது. அந்த வளையம் தண்ணீரில் சுழன்று இறங்கியதை நினைத்தாள், சுழல் அடங்கியது.

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"தியேட்டர ரெடி பண்ணச் சொல்லு. பதினொன்னு வரைக்கும் காத்திருக்காத. பதினஞ்சு நிமிஷத்துல வர்றேன்."

வெளியே வராந்தாவில் முத்துக்குட்டி ஒயர்கூடையைக் காலிடுக்கில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வேட்டி மடிப்பை இறக்கிவிட்டான். மறுபடி கையெழுத்து வேண்டும் என்றாள். எதுக்கும்மா என்றான். சில ரத்தக் குழாய்களில் சில சமயம் ஓட்டம் குறையும் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தது. யார் மேலும் படாத வாக்கியம். அதைத் தள்ளிவிட்டாள்.

"கணையத்துல இருந்து ரத்தம் திரும்பற குழாய முறுக்கித் தச்சிருக்கோம். ரத்தம் தேங்குது. உடனே பிரிச்சு நேராக்கணும். இப்ப போனா காப்பாத்திரலாம்னு நம்புறேன்."

"யாரும்மா முறுக்கினது?"

"நாங்கதான். நான் ஒண்ணு செஞ்சுட்டு அவர்ட்ட சொல்லல. அவர் ஒண்ணு செஞ்சுட்டு எங்கிட்ட சொல்லல."

அவன் பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான். அடிப்பானோ என்று நினைத்தாள், அடித்தாலும் சரி என்றும் நினைத்தாள். அவன் காகிதத்தைச் சுவரில் வைத்துப் பெயரை எழுதினான். "இப்பவாச்சும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டுச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் அங்கேயே நின்றான்.

பதினொன்று இருபதுக்கு வயிறு திறந்திருந்தது. எபனேசர் சார் குடலை ஒதுக்கினார். கணையம் வீங்கியிருந்தது. நாவல்பழ நிறம் இன்னும் வரவில்லை, ஆனால் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிரை, பிழியத் தொடங்கிப் பாதியில் விட்ட ஈரத்துணி போல, அரைச்சுற்று சுற்றியிருந்தது. இருவரும் பார்த்தார்கள். இரு பக்கமும் கவ்வி போட்டார், தையலைப் பிரித்தார். உள்ளேயிருந்து கட்டைவிரல் நகம் அளவு ரத்தக்கட்டி ஒன்று வழுக்கி வெளியே வந்தது. இளக்கமாக, புதிதாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்குமோ என்று மங்கை மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினாள். இல்லை, தண்ணீர் தெளிவாக வந்தது. குழாயை நேராக்கிப் பிடித்துக்கொண்டாள், அவர் தைத்தார், கடைசி முடிச்சைத் தளர்த்தி விட்டார். கவ்வியை எடுத்தார். அரை நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. செத்துவிட்டது என்று அவள் முடிவு செய்துவிட்டாள், முத்துக்குட்டியிடம் என்ன சொல்வது என்றுகூட வார்த்தை தேடத் தொடங்கினாள். பிறகு ஓரத்திலிருந்து, மெதுவாக, நீலம் கலைந்து சிவப்பு ஏறியது. நடுவரைக்கும் வந்தது. மறுமுனைக்கும் போனது.

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அதற்கும் மேலே, அவளே எதிர்பாராத விதமாக, கோபமாக இருந்தது. அவர் மேலும், தன் மேலும், அன்று வேலாயுதத்தின் ட்ரேயைச் சுற்றி நின்று தலையாட்டிய அத்தனை பேர் மேலும்.

"அடுத்த தடவை நான் தப்பு பண்ணியிருக்கேன்னு தோணுச்சுன்னா, அங்கேயே, எல்லாரு முன்னாலயும் கேளுங்க சார்" என்றாள். "எனக்கு அவமானமா இருந்தா இருக்கட்டும்."

அனஸ்தீஷியா டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எபனேசர் சார் கணையத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகமூடிக்கு மேலே அவர் நெற்றி வேர்த்திருந்தது, துடைக்க வந்த நர்ஸிடம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நேத்தே கேட்டிருக்கணும்" என்றார்.